பெரும்பாக்கத்தில் ஊழியம் தொடங்கும் முன்

சகோதரர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அவருடைய சபை சென்னை நகரின் நடுவில் இருக்கிறது, நூற்றிருபது குடும்பங்கள். பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஊழியம் தொடங்குவதாக கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேனில் கிளம்பி வர இருபது வாலிபர்கள் தயார். அரிசிப் பையா, மாலை டியூஷனா, குடிப்பவர்களுக்கு ஜெபக்கூட்டமா, எதில் தொடங்குவது? மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு வராமல் எப்படிச் செய்வது? கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: “போன வருஷம் ஒரு தடவை போய் உணவுப் பொட்டலம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள், ஆனால் யாரும் எங்களோடு பேசவில்லை.” அவர் மனதில் உறுத்திக்கொண்டிருப்பது இந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சமூகப்பணி படித்துவிட்டு இருபத்துநான்கு ஆண்டுகளாகத் திருச்சபை சார்ந்த வேலையில் இருக்கிறேன். முதல் பதினாறு ஆண்டுகள் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம். அப்புறம் நகருக்குத் தெற்கே இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில். குடிசைத் தெருக்களைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிகளைப் பற்றிச் சொல்வதற்குப் பின்னால் எட்டு ஆண்டு அனுபவம்தான் இருக்கிறது, அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். சட்டமும் மருத்துவமும் வரும் இடங்களில் உங்கள் சபையிலேயே ஒரு வழக்கறிஞரோ மருத்துவரோ இருந்தால் அவரிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் அந்த இடம் எப்படி உண்டானது என்று பார்ப்போம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. 2021-இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஜனங்கள் வாயில் இன்னும் ‘ஹவுசிங் போர்டு’தான். ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். 2000-க்குப் பிறகு ஊருக்கு வெளியே கொண்டுபோவது வழக்கமாயிற்று: கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கத்தின் எட்டு மாடி பிளாக்குகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் இங்கே வந்தன. வீடு கிடைத்தது. வேலை, பள்ளிக்கூடம், சீட்டு போட்ட அக்கா, கடன் எழுதிக்கொண்ட மளிகைக்கடை எல்லாம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. நடு வருஷத்தில் இடம் மாறியதால் படிப்பை விட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை கேட்டுப் போகிற பையன் விலாசத்தைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கரையோரக் குடிசையில் ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூட வர ஆள் உண்டு. யார் வீட்டுக் கதவைத் தட்டலாம், யார் ஆட்டோ ஓட்டுகிறார், பெரிய ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்டரில் சீட்டு போட வேண்டும் என்று யாருக்குத் தெரியும், எல்லாம் கை விரலில் இருக்கும். இங்கே ஏழாவது மாடியில் எதிர்வீட்டுக்காரர் வேறொரு கரையிலிருந்து வந்தவர். எட்டு ஆண்டுகளில் பெண்களிடமிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் “கூட வர ஆள் இல்ல” என்பதுதான். அரிசி இல்லை என்று கேட்டது குறைவு. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அரசு தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி 2022-இல் தொடங்கி, 2023-இல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. மதியச் சாப்பாடு அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இருக்கிறது. இதெல்லாம் போதுமானது என்று சொல்லவில்லை. நீங்கள் கொண்டுபோகும் பொட்டலம் எந்தப் பள்ளத்தை நிரப்பும் என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள் என்றால், பேச அதில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். பொட்டலம் கொடுக்கிற நிறையப் பேரை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

கூடப் போவது என்றால் என்ன என்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். நான்காவது மாடியில் ஒரு ஆயா, தனிக்கட்டை. ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழவில்லை. நாற்பது வருஷம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த கை. விரல் நுனியைப் பார்த்தால் வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருக்கும். இயந்திரத்தில் வைப்பார், சிவப்பு விளக்கு எரியும், புடவை முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடி வைப்பார், மறுபடி சிவப்பு. பின்னால் வரிசை முணுமுணுக்கும். இரண்டு மாதம் பொருள் வாங்காமலே திரும்பியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. எங்களோடு வேலை செய்த பெண் ஒருவர், அதே பிளாக்கில் குடியிருப்பவர், அவரை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போனார். முதல் நாள் டோக்கன் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் சர்வர் இல்லை. மூன்றாம் நாள் கைரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்தார்கள். ரேஷன் கார்டு இன்னும் பழைய விலாசத்திலேயே இருந்தது அப்போதுதான் தெரிந்தது, அதற்கு இன்னொரு நாள். ஆக நான்கு நாள், ஒரு ஆள், பஸ்ஸுக்கும் டீக்கும் இருநூறு ரூபாய்க்குள். ஆயா அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “உனுக்கு வேற வேல இல்லியாம்மா, எனுக்காக இப்டி அலையிற?” அடுத்த வாரம் அந்தப் படிக்கட்டில் பதினொரு வீட்டில் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

இந்த மாதிரி வேலைக்கு அங்கே முடிவே கிடையாது. வீட்டு ஒதுக்கீட்டு ஆணை இறந்துபோன கணவர் பெயரில் இருக்கும், மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருக்கும், காரணம் என்னவென்று அவருக்கே தெரியாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, வங்கிக் கணக்கு செயலிழந்ததால் வராமல் இருக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது, பையன்களுக்கும் 2024-இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. இது தெரியாமலே பன்னிரண்டாவதோடு ஜவுளிக்கடை வேலைக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள். இதில் எதற்கும் உங்கள் சபை ஒரு ரூபாய்கூடத் தானம் தர வேண்டாம். பணம் அரசிடம் இருக்கிறது, உரிமை அந்தக் குடும்பத்திடம் இருக்கிறது, நடுவே நடக்க ஒரு ஆள் வேண்டும்.

இங்கேதான் உங்கள் திட்டத்தில் ஒரு சிக்கல். ஞாயிறு மதியம் எந்த அலுவலகமும் திறந்திருக்காது. இருபது வாலிபர்களின் உற்சாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் வர முடியும் என்று சபையில் கேட்டுப் பாருங்கள். நூற்றிருபது குடும்பத்தில் தாலுகா ஆபீஸிலோ வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இருப்பார். அவர்களை யாரும் ஊழியத்துக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், பாடத் தெரியாது, பிரசங்கம் பண்ண வராது என்று அவர்களும் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்கள். எங்களோடு வந்த ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர், ஒரு மனுவை எந்த மேசையில் கொடுத்தால் நகரும் என்று சொல்லியே இரண்டு வருஷத்தில் நாற்பது குடும்பங்களுக்கு மேல் உதவினார். பெண்கள் ஐக்கியத்தில் இருக்கும் அம்மாமார்கள் ஆஸ்பத்திரிக்குத் துணை போவதில் எந்த வாலிபரையும்விடக் கெட்டிக்காரர்கள்.

அடுத்து, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும்: அங்கே ஏற்கெனவே சபைகள் இருக்கின்றன. நீங்கள் வேனிலிருந்து இறங்கிப் பார்த்தால் கண்ணில் படாது. ஒரு பிளாக்கின் தரைத்தளத்தில், பக்கத்துக் காலி மனையில் தகரக் கொட்டகையில், ஒரு வீட்டின் முன்னறையில் என்று இருபது முப்பது பேர் கூடுவார்கள். பாஸ்டர் வாரத்தில் ஆறு நாள் பெயின்ட் அடிக்கப் போவார் அல்லது ஆட்டோ ஓட்டுவார். ஒரு முறை நான் வேலை செய்த ஒரு குடியிருப்பில் ஏழாவது மாடியில் ஒருவர் இறந்துவிட்டார். லிஃப்ட் ஓடவில்லை. நகரத்திலிருந்து எங்கள் ஆட்கள் ஆறு பேர் மாலையோடு வந்து கீழே நின்றுகொண்டிருந்தோம். மேலே அந்தக் கொட்டகை சபையின் பாஸ்டரும் நான்கு பையன்களும் உடலைப் போர்வையில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துக் கட்டி, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலியைச் சாய்த்து, கைப்பிடிச் சுவரில் இடிக்காமல் இறக்கிக்கொண்டு வந்தார்கள். பாஸ்டரின் நகக்கண்ணில் பச்சை பெயின்ட் காயாமல் இருந்தது, வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறார். கீழே வந்து நாற்காலியை வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி எங்களைப் பார்த்து, “வாங்கய்யா, நீங்க ஜெபம் பண்ணுங்க” என்று எங்களுக்கு இடம் கொடுத்தார். எனக்கு வாய் வரவில்லை. அவரையே ஜெபிக்கச் சொன்னோம்.

அன்றிலிருந்து எந்தப் புதுக் குடியிருப்புக்குப் போனாலும் முதல் மூன்று மாதம் அங்கே இருக்கும் சபைகளையும் கத்தோலிக்கப் பங்கின் அன்பியக் குழுக்களையும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்கள்) தேடிப் போய்ப் பார்ப்பதைத் தவிர நாங்கள் வேறெதுவும் செய்வதில்லை. நீங்களும் அப்படிச் செய்யலாம். வேறு சபைப் பிரிவாயிற்றே என்ற தயக்கம் வரும். 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் எல்லாம் ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றும் உங்களுக்கும் அந்தப் பெயின்டர் பாஸ்டருக்கும் இடையில் இல்லை. அவருக்கு இருக்கும் பயம் வேறு: ஆடு திருட வந்திருக்கிறார்களோ என்பது. நகரத்துச் சபை வேன் வைத்து ஜனங்களை ஏற்றிப் போனதால் கலைந்துபோன சிறு சபைகளை நானே பார்த்திருக்கிறேன். “உங்கள் ஆட்களை நாங்கள் கூப்பிட மாட்டோம், உங்களுக்குப் பின்னால் நிற்கிறோம்” என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அதை ஆறு மாதம் நடந்து காட்ட வேண்டும், வெறும் வார்த்தையை அவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

இந்த ஊரில் நிலைத்த ஊழியங்கள் எல்லாம் அங்கேயே குடியிருந்தவர்கள் செய்தவைதான். ராயபுரத்து ரெய்னி மருத்துவமனைக்கு வித்திட்ட ஸ்காட்லாந்து மருத்துவர் மட்டில்டா மெக்பெயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர், பல பத்தாண்டுகள் இங்கேயே உழைத்தார். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியில் குவிந்த காலத்தில், இத்தாலியிலிருந்து வந்த சலேசிய சபைக் கத்தோலிக்கக் குரு ஓர்ஃபெயோ மாந்தோவானி அங்கே பியாட்டிட்யூட்ஸ் என்ற சேவை மையத்தை உருவாக்கி அந்த ஏழைகளுக்கு நடுவிலேயே வாழ்ந்து 1967-இல் இறந்தார். நான் அங்கே வேலைக்குப் போன காலத்திலும் வயதானவர்கள் அவரை ‘ஃபாதர்’ என்று வெறும் பெயராகவே சொல்வார்கள், வேறு ஃபாதரே இல்லாத மாதிரி. உங்களை அங்கே குடிபோகச் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே படிக்கட்டு, அதே இரண்டு பேர் என்று ஒரு வருஷம் போனாலே போதும், உங்கள் முகம் தெரிந்துவிடும்.

சரி, மதமாற்றப் பேச்சுக்கு வருகிறேன். இதில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு மழை வெள்ளத்துக்குப் பிறகு அரிசி கொடுத்தோம். கொடுக்கும் முன் அரை மணி நேரம் பாட்டு, செய்தி, ஜெபம், எல்லாரும் உட்கார வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று நாங்கள் நினைத்தோம், ஆனால் பை மேடையில் அடுக்கியிருந்தது. ஒரு பெண், ஏற்கெனவே உண்மையாக வேதம் வாசிக்கிறவர், என்னிடம் தனியாக வந்து சொன்னார்: “அரிசியக் காட்டி முட்டி போட வெச்சிட்டீங்கண்ணா. இனிமே நான் மனசார முட்டி போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரி அரிசிக்குத்தான்னு சொல்லுவா.” அவருடைய விசுவாசத்தின் மேல் நாங்கள் ஒரு விலைச் சீட்டை ஒட்டிவிட்டோம். அதற்குப் பிறகு எந்த உதவியையும் ஜெபத்தோடு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாங்கள் வைத்ததில்லை. யாராவது ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் அவர்கள் வீட்டில், அவர்கள் சொல்கிற நேரத்தில். கேட்பார்கள், கவலைப்படாதீர்கள். நான்கு நாள் கூட அலைந்தவரிடம் ‘எந்த சாமிய கும்பிடறீங்க’ என்று அவர்களே கேட்பார்கள், அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். நான் இயேசுவின் பெயரால்தான் இந்த வேலைக்கு வந்தேன், அதை ஒளித்து வைப்பதும் நேர்மையில்லை.

சட்டத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது: அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, ஆசை காட்டுவது தப்பு என்பது நமக்கு வேதத்திலிருந்தே தெரிய வேண்டும். இன்னொன்றைப் பல பாஸ்டர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் பட்டியல் சாதியினர். குடியரசுத் தலைவரின் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துக்களும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியர்களும் 1990 முதல் பௌத்தர்களும் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவார்கள். இது அநியாயம் என்பதே என் கருத்து, சாதி ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்து போவதில்லை. ஆனால் இன்றைக்கு நிலைமை இதுதான். ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் அவருடைய பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் என்ன ஆகும் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள், யோசிக்க நேரம் கொடுங்கள். சொல்லாமல் கொடுப்பது ஏமாற்று.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுக்குமாடியில் ஒரு வீட்டுச் சுவர் இன்னொரு வீட்டுச் சுவர். ஸ்பீக்கர் பாக்ஸ் வேண்டாம், பகலிலும் வேண்டாம். பேச்சு கிளம்புவது பாதி நேரம் இதனால்தான்.

டியூஷன் பற்றி நான் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். பத்து வருஷம் மாலை வகுப்பு நடத்தியிருக்கிறேன். மார்க் ஏறியதா என்றால், சில பிள்ளைகளுக்கு ஏறியது, ஆனால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஏற்கெனவே பிடிவாதமாகப் படிக்க வைக்கிறவர்கள். எங்களால் ஏறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கண்ணால் பார்த்தேன்: சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை விளக்கும் மின்விசிறியும் உட்கார அமைதியான இடமும் இருந்தால், எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன்கள் வருகிறார்கள். கண்ணகி நகரின் ஆரம்ப கால வீடுகள் 200 சதுர அடிகூட இருக்காது, அதற்குள் ஐந்து பேர், ஒரு டிவி. பையன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? அதனால் நீங்கள் தொடங்குவதாக இருந்தால் படிப்பு சொல்லிக் கொடுப்பதைவிடப் படிக்க இடம் கொடுப்பதில் தொடங்குங்கள், அதுவும் பன்னிரண்டு வயதுக்கு மேல். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க எல்லாருக்கும் ஆசை, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நூறு பேர் வருவார்கள். பதினான்கு வயதுப் பையனிடம் போய் உட்காரத்தான் ஆள் இல்லை. அவனைத்தான் தெருமுனையில் வேறு ஆட்கள் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேரம் போர்டும் ஃபுட்பாலும் அவனைக் கஞ்சாவிலிருந்து காப்பாற்றுமா என்றால், என் அனுபவத்தில் சிலரைக் காப்பாற்றியது, சிலரைக் காப்பாற்றவில்லை. விளையாட்டைவிட அங்கே தினமும் வந்த அந்த ஒரு அண்ணன்தான் காரணம் என்று நம்புகிறேன், இது என் நம்பிக்கைதான்.

பிள்ளைகளோடு வேலை என்றால் இரண்டு விஷயத்தில் விளையாடக் கூடாது. ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனி அறையில் இருக்கக் கூடாது, பாஸ்டரானாலும் சரி. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சபைப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிற காரியம் அல்ல அது, மறைத்தால் தண்டனை உண்டு. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐ அறைச் சுவரில் எழுதி வையுங்கள். இன்னொன்று, யாராவது ‘ஒரு இல்லம் ஆரம்பிக்கலாமே’ என்பார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பதிவு இல்லாமல் பிள்ளைகளைத் தங்க வைப்பது குற்றம். அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுபோவதைவிட, அந்த அம்மாவின் வாடகையோ வைத்தியமோ என்னவென்று பாருங்கள்.

குடிப்பவர்களுக்கான ஜெபக்கூட்டம் பற்றி எச்சரிக்கையாகவே சொல்கிறேன். ஜெபத்தில் குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, ஆள் யாரென்றே தெரியாத பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். இது மருத்துவ உண்மை. அதைப் பிசாசின் ஆட்டம் என்று நினைத்து ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு நான் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். தாமதமாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் ‘இன்றைக்கே விடுகிறேன்’ என்று கை தூக்கினால், ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம். திரும்பி வந்தபின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் குழு) கூட்டம் நடத்த உங்கள் சபையில் ஒரு அறையை வாரம் ஒரு மாலை திறந்து விடுங்கள். முதல் ஆறு மாதம் அவரோடு சாயங்காலம் யார் நடந்து வருவார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள், மதுக்கடை வழியில்தான் இருக்கிறது.

கடைசியாகப் பணம். கடன் கொடுக்காதீர்கள். அங்கே தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐநூறு கையில் தந்துவிட்டு, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவார். அதற்குப் பதிலாகச் சபை வட்டியில்லாமல் கொடுக்கலாமே என்று தோன்றும், நாங்களும் செய்தோம். திருப்பித் தர முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கண்டால் மறைய ஆரம்பித்தார்கள், கடன் போனதோடு உறவும் போயிற்று. மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கிக்குப் போக உதவுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சபையார் பணம் அனுப்புகிறேன் என்றால், அவர் இந்தியக் குடியுரிமையை விட்டவரானால் அது வெளிநாட்டு நன்கொடை. உரிய பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு இருக்கும் வேறு அமைப்பு வாங்கி உங்களுக்குக் கொடுப்பதையும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. உங்கள் ஐம்பதாயிரமே போதும். நானாக இருந்தால் அந்த பிளாக்குகளிலேயே குடியிருக்கும் இரண்டு பெண்களுக்கு அரை நாள் வேலையாக ஆளுக்குப் பதினைந்தாயிரம் சம்பளம் கொடுப்பேன், கூடப் போவதுதான் அவர்கள் வேலை. படிக்கும் அறை வாடகைக்கும் மின்சாரத்துக்கும் ஒன்பதாயிரம். ஜெராக்ஸ், போட்டோ, பஸ், டீ ஆறாயிரம். மீதி ஐயாயிரம் ராத்திரி ஆட்டோவுக்கு, அதை அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்து வைப்பேன், கேட்டு வாங்கும்படி வைக்க மாட்டேன். கிறிஸ்துமஸ் புடவைக்கு இதில் இடமில்லை. டோக்கன் கிடைக்காத மாடிக்கும் கிடைத்த மாடிக்கும் மாதக்கணக்கில் சண்டை நடந்ததைப் பார்த்த பிறகு நான் அதை விட்டுவிட்டேன்.

முதல் முறை வேனில் போகாதீர்கள். உங்கள் சபை வாசலிலிருந்து பஸ்ஸில் கிளம்பி, வேலைக்குப் போகிற பெண்கள் திரும்பும் நேரத்தில் அவர்களோடு நின்றுகொண்டே போய் இறங்குங்கள், இரண்டு பேர் போதும். இறங்கியதும் அந்தக் கொட்டகை சபையின் பாஸ்டர் வீடு எது என்று கேளுங்கள், வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல்தான் வருவார். உங்கள் சபையில் அந்த ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ்காரர் கிடைத்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். எந்த விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று நாங்கள் கையால் எழுதி வைத்திருக்கும் நோட்டு ஒன்று இருக்கிறது, பிரதி எடுத்து அனுப்புகிறேன்.